குவித்து வைத்த மண்

சிங்ரௌலி
3.9.1984

அன்புள்ள ஆதிலட்சுமிக்கு,

நான் நலம். உனக்குத் தலைவலி நின்றதா? மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம்.

இங்கே நிலக்கரிக்குத் தோண்டும் முன் மேல்மண்ணைத் தனியாக வழித்துக் குவிக்கிறோம். சுரங்கத்தை மூடிய பிறகு அதைத்தான் மேலே பரப்ப வேண்டும். நேற்று புல்டோசர் அதைப் பாறைத்தூளோடு கலக்கப் போனது. ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். குவியல் சரிந்து முழங்கால்வரை புதைந்தேன். லேசான வீக்கம்தான்.

ஓட்டுநர் சகாதேவன் நம் செங்கத்துக்காரர். "இன்னா சார், மண்ணுக்குக் காவல் நிக்கறீங்க. ஊட்ல சம்சாரம் தனியா இருக்கற நெனப்பு இருக்குதா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

பரப்ப இன்னும் நாளாகும். சும்மா குவிந்து கிடந்தால் மண் செத்துவிடும். அதன்மேல் ஏதாவது முளைத்துக்கொண்டிருக்க வேண்டும். நம் கழனிக் கொழிஞ்சி விதையில் இரண்டு படி எடுத்துவை.

தபால் பையைக் கட்டுகிறார்கள். எனக்குத் தனி அறை ஒதுக்கிவிட்டார்கள். விதையைப் பார்சலில் அனுப்ப வேண்டாம். நீயே கொண்டு வா.

மூர்த்தி