வெள்ளை மூடிக் குப்பிகள்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கு நானும் இவரும் நலம். இவருக்கு இருமல் விட்டுவிட்டது. அத்தானின் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? அவரைக் கேட்டால் சொல்ல மாட்டார், நீ எழுது.

போனில் சொல்லத்தான் நினைத்தேன். இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் நீ, "மருந்து கண்டுபிடிச்ச மகராசி வந்துட்டா" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாய். நீ சிரித்து நான் கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு மழையைப் பற்றிப் பேசினேன்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினெட்டாம் தேதி மருத்துவமனையில் நரம்பில் போடவிருக்கும் ஊசியை, என் பேச்சை நம்பி வேண்டாம் என்று சொல்லிவிடாதே. எங்கள் ஆய்வுக்கூடத்து மருந்து வேலை செய்கிறது என்று மூன்று வாரம் முன்பு நான் சொன்னது தவறு. தவறுதானா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

தோலில் முடியும் நரம்பு நுனிகளில் கதவு போல ஒரு புரதம் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? சூடு பட்டால் அது திறக்கும், வலிச் செய்தி மூளைக்குப் போகும். மிளகாயின் காரமும் அதே கதவைத்தான் திறக்கிறது. "அப்போ என் விலாவுல யாரோ மிளகாய் அரைச்சுப் பூசிட்டாங்களாடி?" என்று கேட்டாய். ஏறக்குறைய அப்படித்தான். அக்கி ஆறிய பிறகும் துணி பட்டாலே உனக்கு எரிவதற்கு அந்தக் கதவு ஒரு காரணமாக இருக்கலாம். அதை மூடத்தான் எங்கள் மருந்து.

எலிக்கு மருந்தைக் கொடுத்துச் சூடான தட்டில் விட்டு, எத்தனை நொடியில் காலை உதறுகிறது என்று பார்ப்போம். உதறியதும் எடுத்துவிடுவோம். ஊதா மூடிக் குப்பிகள் பாதி, வெள்ளை மூடிக் குப்பிகள் பாதி. ஒரு நிறத்தில் மருந்து, மற்றதில் வெறும் உப்புநீர். எது எது என்று ஒட்டிய உறைக்குள் எழுதியிருக்கும். எல்லா எலிகளும் முடிந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்று இருபத்திரண்டு வருடமாக மாணவர்களைத் திட்டி வருகிறேன். முதலில் வந்த சில வெள்ளை மூடி எலிகள் அதிக நேரம் அமைதியாக நின்றன. அதுதான் மருந்து என்று நானாக முடிவு செய்து, உறையைப் பிரிக்கும் முன்பே உனக்குப் போன் செய்தேன்.

போன செவ்வாய்க்கிழமை பிரித்தோம். வெள்ளை மூடியில் இருந்தது உப்புநீர்.

எலிக்கூடங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியோடு உட்கார்ந்து காணொளிகளை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவர், யாருக்கும் பயப்பட மாட்டார். "இந்த எலி எப்பவோ காலை உதறிடுச்சு மேடம். நீங்க யாருக்காகக் காத்துக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகு வந்த வெள்ளை மூடி எலிகளுக்கெல்லாம் என் விரல் ஒரு நொடி, ஒன்றரை நொடி தாமதமாகக் கடிகாரத்தை நிறுத்தியிருக்கிறது. அவர் அளந்தால் மருந்து கொஞ்சம் கேட்கிறது. நான் அளந்தால் உப்புநீர் கேட்கிறது. மூன்றாவதாக ஒருவரை அளக்கச் சொன்னேன், வித்தியாசமே இல்லை என்கிறார். யாரை நம்புவது? முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டும். இந்த முறை கடிகாரம் வேறொருவர் கையில்.

இதைவிடப் பெரிய குழப்பம் நீதான். "நீ சொன்ன நாள்லேருந்து உங்க அக்கா நல்லா தூங்குறாம்மா. நேத்து இறுக்கமான சட்டையைக்கூடப் போட்டுக்கிட்டா" என்று அத்தான் சொன்னார். அந்த மருந்தில் ஒரு துளிகூட உன் உடம்புக்குள் போகவில்லை. வந்தது என் குரல் மட்டும். அந்தப் புரதத்துக்குக் காது கிடையாது. நம்பிக்கை வலியைக் குறைக்கும் என்று வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன், பரீட்சையில் கேள்வியும் கேட்டிருக்கிறேன். உன் விலா எலும்பு என்று வரும்போது எதுவுமே புரியவில்லை. உண்மையைச் சொன்னால் எரிச்சல் திரும்பிவிடுமோ என்று ஆறு நாள் தள்ளிப்போட்டேன். சொல்லாவிட்டால் தேதி போய்விடும், அடுத்தது கிடைக்க அரை வருடம்.

ஊசி நிச்சயம் கேட்கும் என்று நான் சொல்லவில்லை. பாதிப் பேருக்குக் கேட்கும் என்று உன் மருத்துவர் சொன்னாராம். அவர் கண்டதைச் சொல்கிறார். நான் ஆசைப்பட்டதைச் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள் அவர்களிடம் வருவதாக உறுதி சொல்லிவிடு. பழைய மாத்திரையை நிறுத்தாதே. பதினேழாம் தேதி நான் அங்கே இருப்பேன். சீட்டு எடுத்தாகிவிட்டது, "உனக்கெதுக்கு அலைச்சல்" என்று ஆரம்பிக்காதே.

இதைப் படித்ததும் எரிச்சல் கூடினால் என்னைத் திட்டு. ஆனால் என் மனசு நோகுமே என்று, "எனக்கு ஒண்ணும் இல்லடி" என்று மட்டும் சொல்லாதே அக்கா. வலி பத்துக்கு எத்தனை என்று சொல். ஒன்பது என்றாலும் சொல். நான் குறைத்து எழுதிக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
உன் தங்கை