முருகன் அண்ணனுக்கு ஒரு மெமோ

ஐப்பசி, செவ்வாய் இரவு

எங்கள் அலுவலகக் காவலாளி முருகன் அண்ணன் நேற்று ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டார். மழையில் மனுக்கள் நனைந்தன. "அலட்சியத்தால்னு மெமோ அடிம்மா" என்றார் சார். அந்தச் சொல் ஏறினால் அண்ணன் வேலை போய்விடும். 'கவனக்குறைவால்' என்று அடித்தேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லீங்க சார். அலட்சியம்னா தெரிஞ்சே வுட்றது."

சிறுவயதில் கதைப்புத்தகத்தில் மூழ்கி, பாறைமேல் காயவைத்த சாமையை மழையில் நனையவிட்டேன். "இன்னா அலட்சியம் பாரு இவளுக்கு!" என்றாள் சித்தி. "மறந்துட்டா, வுடுடி" என்றாள் அம்மா. சாமையை வீடு முழுக்கப் பரப்பிவிட்டு, மிச்ச இடத்தில் ஒட்டிக்கொண்டு படுத்தோம். அந்த ஈர வாசனை இன்னும் இருக்கிறது.

சார் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தாள் அவர் மேசையில் கிடக்கிறது. இன்று ஜன்னல்களை நானே சாத்திவிட்டு வந்தேன். இப்போது மழை பிடித்துக்கொண்டது. கடைசி ஜன்னலைச் சாத்தினேனா?