பதினான்காவது கேள்வி

தேவகோட்டை
ஆகஸ்ட் 1

அன்பு மகன் மரிய ஜெரால்டுக்கு அம்மா எழுதுவது. நீயும் ரீனாவும் மெல்போர்னில் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் சுகம் என்று அடுத்த வரி எழுதித்தான் பழக்கம், இந்த முறை கை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் காத்திருக்கும் இடத்தை அவர்கள் மனம் நோகாதபடி எப்படிக் கட்டலாம் என்று வரைந்துகொண்டிருக்கிறாயாம், சந்தோஷம். அதற்காக இருபது கேள்வியை ஃபோனில் அனுப்பி, முட்டிவலிக்குப் போகும்போது அங்கே இருப்பவர்களிடம் கேட்டு எழுது என்றாய். எனக்கு ஃபோனில் தட்டத் தெரியும். தட்டி அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று போட்டுவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் பேப்பரில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

வெளிச்சம் போதுமா என்கிறாய், கண் கூசுகிற அளவுக்கு இருக்கிறது. நாற்காலிகளை டிவியைப் பார்த்தபடி தரையோடு முடுக்கியிருக்கிறார்கள், பக்கத்தில் அழுகிறவளைத் திரும்பிப் பார்க்கக் கழுத்து வலிக்கும். டாக்டர் அறைக்குப் பலகைத் தடுப்புதான், உள்ளே ஒருத்திக்குச் சொல்வது வெளியே முப்பது பேருக்குக் கேட்கும். துணைக்கு வருபவரை உள்ளே விட, ஒரு நோயாளிக்கு ஒரு அனுமதிச் சீட்டுதான். ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலே வேன் பிடித்து வருகிற சனம் நம் சனம், மிச்சப் பேர் வாசலில் வெயிலில் நிற்கிறார்கள். என்னைப் போலவே வைத்தியத்துக்குச் செக்காலையிலிருந்து வரும் சுலைகாவோடு அவள் மருமகளும் மகள் சனாவும் வருவார்கள். உன் அப்பா போன பிறகு எனக்கு யார் வருகிறார்கள், என் சீட்டு சும்மா கிடந்தது, சனாவிடம் கொடுத்தேன். ஐந்து மாதமாக என் சீட்டில்தான் உள்ளே வருகிறாள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று நர்ஸ் கேட்டால், மகள் என்று கையெழுத்துப் போடுகிறாள்.

முட்டிவலிக்கு எதற்கு மூன்று வாரத்துக்கொரு முறை, காலையில் போனால் சாயந்திரம்வரை என்று உனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ஃபோனில் கேமரா கெட்டுவிட்டது என்றேன், அதையும் நம்பினாய். எனக்கு மார்பில் புற்றுக்கட்டி, தலையில் முடி இல்லை. சொல்லியிருக்கலாமே என்பாய். சொல்லக் கூப்பிட்ட அன்றெல்லாம் மீட்டிங்கில் இருக்கிறேன் என்றாய், நானும் வீம்புக்காரி, விட்டுவிட்டேன். மருந்துக்குக் கட்டி கரையவில்லை, எடுத்தாக வேண்டும் என்று போன வாரம் நர்ஸ் சனாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள், மகள் என்று நினைத்து. அந்தப் பிள்ளை அழுதுகொண்டே வந்து, "டீச்சர், நான் பெத்த மக இல்லன்னு சொல்லிட்டேன், ஆபரேசனுக்கு என் கையெழுத்து செல்லாதாம், சொந்தப் பிள்ளையத்தான் வரச் சொல்றாக" என்றாள். நான் பெறாத பிள்ளைக்கு முதலில் தெரிந்தது, பெற்ற பிள்ளைக்கு இப்போதுதான் தெரிகிறது. எனக்குக் கட்டியைவிட அதுதான் வலிக்கிறது.

பத்தொன்பது கேள்விக்குப் பதில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், உன் வேலைக்கு உதவும். பதினான்காவது, காத்திருக்கும்போது பக்கத்தில் யார் இருந்தால் மனம் ஆறும் என்பது. அதை மட்டும் நிரப்பவில்லை.

ரீனாவை வேளைக்குச் சாப்பிடச் சொல். உங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, கோபத்திலும் உண்டு. ஆபரேஷன் மாதா திருவிழா முடிந்த மூன்றாம் நாள், பதினெட்டாம் தேதி, காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கும் ஒரு சீட்டுதான் தருவார்கள். சனா கேட்டாள், இந்தத் தடவை தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா,
லூசியா