மாடு இல்லாமல் மலையேறியவள்

கேரன், கிளேர்
21 மே 1968

அன்புள்ள மலக்கிக்கு,

நான் நலம். பசுக்கள் என்னைவிட நலம். கார்க் நகரத்திலிருந்து ஃபின்டன் என்றொரு வாத்தியார் பூ ஆராய்ச்சிக்கு வந்து நம் கிழக்கு அறையில் தங்கியிருக்கிறார். போன ஞாயிறு பூசை முடிந்து, அவருக்கு வழிகாட்டப்போய் முல்லாமோர் மலை உச்சிவரை ஏறிவிட்டேன். கல்யாணமான வருஷமே நீ கூட்டிப்போகிறேன் என்ற இடம்தான். மாடு மேய்கிற மலைத்தட்டுக்கு மேலே நான் போனதே இல்லை. சுண்ணாம்புக்கல் மடித்து வைத்த கம்பளி மாதிரி கிடக்கிறது, இடுக்கெல்லாம் நீலப்பூ. எல்லாம் ஆதிகாலத்துப் பனியாறு செதுக்கியதாம். உச்சிக்குக் கீழே ஒற்றையாய் ஒரு பாறை. "பனிதான் சுமந்துட்டு வந்துச்சு, வச்சுட்டுப் போயிடுச்சு, திரும்பி வரவே இல்ல" என்றார். உன் நினைப்புத்தான் வந்தது.

அவர் எடுத்த படம் இத்துடன். முன்னால் நிற்பது நான், பின்னால் மலை. மாற்றிப் பார்த்துவிடாதே.

உன் டீலியா


கில்பர்ன், லண்டன்
2 ஜூன் 1968

டீலியாவுக்கு,

படம் வந்தது. என்னோடு மண் வெட்டுகிற நம்மூர் டோனக் அதைப் பார்த்துவிட்டு, "என்னடா மலக்கி, உன் பொண்டாட்டி மாடே இல்லாம மலையேறுறாளாமே, அதுவும் மாடெல்லாம் கீழ இறங்கிட்ட மே மாசத்துல?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் படத்தைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறைப்பானேன், வயிறு எரிகிறது. படத்தில் நீ சிரிக்கிற சிரிப்பை என்னிடம் சிரித்து எத்தனை காலம்?

இன்னொன்று. உனக்குப் பின்னால் மாடு போக வழிக்காகப் பிரித்து மறுபடி அடுக்கிக் கட்டிய கல்சுவர் தெரிகிறது. நம்மூரில் யார் கட்டியது என்று கல்லைப் பார்த்தே சொல்லலாம். நான் கல்லைப் படுக்கவைத்துக் கட்டுவேன். நீ கட்டினால் மூன்றாம் நாள் சரியும். இதில் கல்லெல்லாம் நிமிர்ந்து நிற்கிறது. எந்த ஆம்பளை கை அது? வாத்தியார் சுவரும் கட்டுவாரோ? ஒழுங்காகப் பதில் எழுது, இல்லையென்றால் இந்த வாரமே கப்பலேறி வந்துவிடுவேன்.

மலக்கி


கேரன்
9 ஜூன் 1968

அன்புள்ள மலக்கிக்கு,

வாத்தியாருக்கு நாற்பது வயது, லட்சணமானவர். பூவைத் தவிர எதையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்தக் கை என்னுடையது. நீ போனபின் ஏழு வருஷமாக, நவம்பரில் சுவரைப் பிரித்து மாட்டை மலையேற்றுவதும், வசந்தத்தில் இறக்குவதும், திரும்பக் கட்டுவதும் நான் ஒருத்திதான். பெரிய கல்லைத் தூக்கிப் படுக்கவைக்க இரண்டு ஆள் வேண்டும். ஒற்றை ஆள் உருட்டி நிமிர்த்தத்தான் முடியும். பதினோரு வருஷப் பெண்டாட்டியின் கை உனக்கு அடையாளம் தெரியவில்லை.

வா வா என்று எத்தனை கடிதம் போட்டேன். வரவில்லை. இன்னொருத்தன் கை என்றதும் இந்த வாரமே கப்பலா? லண்டனில் நீ வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி தினமும் முட்டை பொரித்துத் தருகிறாளே, நான் அவளுக்காகக் கப்பலேறினேனா? எனக்கும் வயிறு உண்டு, எரியவும் செய்தது.

சந்தேகப்பட்டு வராதே. நவம்பரில் மாடு ஏறும்போது வா. சுவரைச் சேர்ந்து கட்டலாம்.

உன் டீலியா


கேரன்
4 நவம்பர் 1968

மலக்கிக்கு,

மாடுகள் மலையேறிவிட்டன. மூன்று நாள் சுவரைத் திறந்தே வைத்துப் பார்த்தேன். நேற்று அடைத்துவிட்டேன்.

கல்லை நிமிர்த்தித்தான் வைத்திருக்கிறேன்.

டீலியா