முப்பதாம் நாள் தட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கக் கை வரவில்லை. நாலு தடவை போனை எடுத்தேன், உன் நம்பரைப் போடாமலே வைத்துவிட்டேன். அதனால் மெயிலில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு நான் கொடுத்த பல் செட் கடையில் வாங்கியது இல்லை. எங்கள் ஆய்வகத்துக்குச் சோதனைக்கு வந்த புதுப் பிளாஸ்டிக்கில் மிச்சமானதை எடுத்து, பல் கட்டுபவரிடம் கெஞ்சிச் செய்தது. என் வேலை உனக்குத் தெரியும். அந்தப் பிளாஸ்டிக் ஊறிய நீரை, ஈறிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் மேல் விட்டுப் பார்க்க வேண்டும். உயிருள்ள செல் தட்டின் அடியைப் பிடித்துக்கொண்டிருக்கும், செத்தது மிதக்கும். முதல் நாள் நீர், ஏழாம் நாள் நீர், முப்பதாம் நாள் நீர் என்று மூன்று முறை. இரண்டு முறை ஒன்றும் ஆகவில்லை. அம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பதைப் பார்க்கச் சகிக்காமல், மூன்றாவது முடிவு வரும்முன் நான் முந்திக்கொண்டேன். புத்தி கெட்டவள்!

முப்பதாம் நாள் தட்டில் செல்லெல்லாம் செத்து மிதந்தது அக்கா. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவின் வாயைத் திறந்து பார்த்தால், மேலண்ணத்தில் சிவந்த புண், ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. இரண்டு வாரமாக எரிகிறதாம், சொல்லவே இல்லை!

டாக்டரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. துளி சதை கிள்ளிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். வெறும் புண்ணாகவும் இருக்கலாம் என்றார். வியாழக்கிழமை முடிவு வரும். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை.

அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. தெருவில் எல்லாரிடமும், என் சின்னவ செஞ்சு குடுத்த பல்லு என்று காட்டிக்கொண்டு திரிகிறவளிடம் எந்த வாயால் சொல்வேன்? புண் ஆறும்வரை மாட்டாதே என்றால் பகலெல்லாம் சொன்னபடி கேட்கிறாள். சாயங்காலம் நீ வீடியோவில் கூப்பிடும் நேரம் வந்தால் எடுத்து மாட்டிக்கொள்கிறாள். தடுத்தால், பெரியவ கண்ணுக்கு நான் பொக்கை வாயாத் தெரியணுமாடி என்று அழுகிறாள்.

உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். வியாழன்வரை வீடியோவில் வராதே. கேமரா உடைந்துவிட்டது என்று ஏதாவது பொய் சொல். அம்மா உன் குரலை மட்டும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
நீ எவ்வளவு திட்டினாலும் தகும் என்றிருக்கும்
உன் தங்கை