பச்சை மரவள்ளிச் சாற்றை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
கொ. பிரசாத், த/பெ கொளஞ்சி,
மாரியம்மன் கோயில் தெரு,
பூலாம்பாடி, பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு நியமன அலுவலர் அவர்கள்,
உணவுப் பாதுகாப்புத் துறை,
பெரம்பலூர்.

பொருள்: வேகவைக்காத மரவள்ளிக் கிழங்குச் சாறு, சாத்துக்குடியைவிடச் சத்தானது என்று விற்கப்படுவதை உடனே தடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறேன். என் மனைவி பிரவீணா ஆறு மாதக் கர்ப்பிணி. எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் காசிநாதன் என்பவர் ஜூஸ் கடை வைத்திருக்கிறார். கடை வாசலில் பெரிய பலகை உள்ளது. நூறு கிராம் சாத்துக்குடியில் 43 கலோரி, மரவள்ளிக் கிழங்கில் 160 கலோரி என்றும், ஆகவே பச்சைக் கிழங்குச் சாறு கர்ப்பிணிகளுக்கு நான்கு மடங்கு பலம் தரும் என்றும் எழுதியிருக்கிறார்.

2. பிரவீணாவுக்கு ரத்தம் குறைவு. டாக்டர் சாத்துக்குடி சாப்பிடச் சொல்லியிருந்தார். பலகையைப் பார்த்து அவள் கிழங்குச் சாற்றுக்கு மாறினாள். தலைவலி வந்தபோது, "உடம்புல உள்ள அழுக்கு வெளியேறுதும்மா, விடாம குடிங்க" என்று காசிநாதன் சொல்லியிருக்கிறார். நானும் தடுக்கவில்லை, எனக்கும் தெரியாது.

3. கடந்த வாரம், ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் கசப்புக் கிழங்கை வாங்கி, இஞ்சியும் பனங்கற்கண்டும் போட்டு அரைத்திருக்கிறார். அதைக் குடித்துவிட்டு வீடு திரும்பிய பிரவீணா வாந்தியெடுத்து, மூச்சு வாங்கி, வாசலிலேயே விழுந்தாள். பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் போனில், "தம்பி, புள்ளைக்குக் கண்ணு சொருகுது, ஓடியாங்க" என்று அலறியது இன்னும் என் காதில் கேட்கிறது. நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

4. அவள் பிழைத்துக்கொண்டாள். டாக்டர் விளக்கினார்: கலோரிக் கணக்கு பொய்யில்லை, கிழங்கில் இருப்பது மாவுச்சத்து. சாத்துக்குடியில் கிழங்கைவிட அதிகமாக உள்ள வைட்டமின் சி, உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். சாத்துக்குடிக்குப் பதில் கிழங்கு ஆகாது. கிழங்கைத் தோலுரித்து, நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்தால் உணவு. பச்சையாக அரைத்தால் விஷம், கசப்புக் கிழங்கில் அது இன்னும் அதிகம். வயிற்றுப் பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். "துடிப்பு நல்லா இருக்கு, பாப்போம்" என்றார். அந்தப் "பாப்போம்" என்ற சொல்லோடுதான் நாங்கள் இருக்கிறோம். குழந்தை அசையாத நேரமெல்லாம் பிரவீணா என் கையை இழுத்து வயிற்றில் வைத்துக்கொள்கிறாள்.

5. காசிநாதனிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, ஐயா. அதனால்தான் அதிகம் பயமாக இருக்கிறது. டாக்டர் சொன்னதைச் சொன்னதற்கு, "ஒம் பொண்டாட்டிக்கு ஒத்துக்கல, அதுக்குக் கிழங்கு என்னப்பா பண்ணும்?" என்றார். கடை திறந்தே இருக்கிறது. வரும் குடியரசு தினத்தன்று கொடியேற்றியதும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தச் சாற்றை இலவசமாகக் கொடுக்கப் போகிறாராம். தலைமையாசிரியரிடம் சொன்னேன், எழுத்து மூலம் உத்தரவு வந்தால்தான் தடுக்க முடியும் என்கிறார்.

6. ஆகவே தாங்கள் குடியரசு தினத்துக்கு முன்பே நேரில் வந்து, சாற்றைப் பரிசோதனைக்கு எடுத்து, விற்பனையை நிறுத்தி, பலகையை இறக்க ஆணையிடுமாறு கைகூப்பிக் கேட்கிறேன். ஊர் நம்ப வேண்டும் என்பதற்காக, முதல் டம்ளரைத் தன் மகள் கவியாவுக்கே கொடுக்கப் போவதாகக் காசிநாதன் சொல்லியிருக்கிறார். அவளுக்கு நான்கு வயது. தயவுசெய்து வாருங்கள், ஐயா.

இடம்: பூலாம்பாடி
நாள்: 22.01.2026

இப்படிக்கு,
தங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) கொ. பிரசாத்