அளவு ஐந்து பூட்ஸ்

அன்புள்ள தம்பிக்கு,

மலைச் சந்தையில் நான் கடை விரிக்கும் இடத்தை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எடுக்க வைத்தவன் நீ. போனில் சொல்லியிருப்பேன். ஆனால் பேச்சு உனக்குப் பிடிக்காத இடத்துக்கு வரும்போதெல்லாம் உன் போனில் சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்த வசதி இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். உன் அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. அடிவாரத்தில் நம் கடைக்கு முன்னால் சாக்கடை தோண்டிப் போட்டுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். குறுக்கே போட்ட பலகையில் ஆடிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் பலகையைத் திட்டுகிறார்கள், மீதிப் பேர் என்னை.

விஷயத்துக்கு வருகிறேன். போன சந்தைக்கு வழக்கம்போலக் கழுதைகளில் பாத்திரம், தார்ப்பாய், டார்ச், ரப்பர் பூட்ஸ் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனேன். பாறை ஓரத்தில் என் இடத்தில் முள்கிளை வெட்டிப் போட்டிருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. "வந்துட்டியா அக்கா, இன்னைக்கு யாரை ஏமாத்தப் போற" என்று ஒவ்வொரு சந்தைக்கும் கேட்கும் தேன்காரிகூடத் தலையைக் குனிந்து புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வசவு எனக்குப் பழக்கம். இந்த மௌனத்தை எந்தத் தராசில் நிறுப்பது என்று தெரியவில்லை. கடைசியில் அவள்தான் சொன்னாள்: "இஞ்சிக்காரி கால் உடைஞ்சு கிடக்கிறா. உன் தம்பியைக் கேளு."

உன்னைக் கேட்காமல் அவளையே போய்க் கேட்டேன். வீட்டுக்குள் பலகையில் காலை நீட்டிக் கிடக்கிறாள். கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து, முட்டி வரைக்கும் மாவுக்கட்டு. அடிவார ஆஸ்பத்திரி வரை அவளை நாற்காலியில் கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். அந்த நாலு பேரில் நீ இல்லை.

பட்டணத்திலிருந்து உன் கம்பெனி மலை நடைக்கு அழைத்துவரும் கூட்டம் வருவதற்கு முந்தின நாளே அவள் ஊருக்கு ஆள் அனுப்பினாயாம். கூரை மேலிருக்கும் நீலத் தார்ப்பாயை உருவ வேண்டும், பிளாஸ்டிக் குடத்தை உள்ளே வைக்க வேண்டும், எவர்சில்வர் கண்ணில் படக் கூடாது, போனை யாரும் வெளியே எடுக்கக் கூடாது. வருகிறவர்கள் அசல் மலை ஊரைப் பார்க்கப் பணம் கட்டியிருக்கிறார்களாம். அன்றைக்கு மழை. தார்ப்பாய் இல்லாத கூரைகள் ஒழுகின. உன் விருந்தாளிகள் அந்த ஒழுகலையும் படம் எடுத்தார்களாம்.

அப்புறம் ஊரிலிருந்து சந்தைக்கு இறங்கும் வழுக்குப் பாறை. கழுதைகூட இறங்காத இடம் அது. முதுகில் இஞ்சிக் கூடையோடு இறங்கியவளை நிறுத்தி, பூட்ஸைக் கழற்றச் சொன்னாய். படத்தில் பூட்ஸ் நன்றாக இருக்காதாம். கழற்றினாள். வெளிச்சம் சரியில்லை, மறுபடி ஏறி இறங்கு என்றாய். ஏறி இறங்கினாள். இன்னும் ஒரு தடவை என்றாய். அப்போதுதான் விழுந்தாள். மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு துணியைச் சுற்றிவிட்டு, பஸ் போய்விடும் என்று சொல்லி, உன் கம்பெனித் தொப்பியை அவள் கையில் திணித்துவிட்டு நடந்திருக்கிறாய். அந்தத் தொப்பியில் இப்போது அவள் கோழி முட்டையிடுகிறது. கோழிக்காவது உன்னால் ஒரு பிரயோஜனம்.

யார் சொல்லுக்கும் மசியாதவள் ஆயிற்றே, ஏன் கழற்றினாய் என்று கேட்டேன். "உன் தம்பியாச்சே அக்கா. உன் முகத்துக்காகத்தான் கழட்டினேன்" என்றாள்.

அந்த பூட்ஸை அவளுக்கு விற்றவள் நான். முதல் முதலில் வாங்கியவள் அவள்தான். போட்டுக்கொண்டு ஓடையில் இறங்கி நின்று, "ஒரு கால்ல தண்ணி வந்தாலும் ரெண்டு கால் காசையும் திருப்பித் தரணும்" என்று சண்டை பிடித்தாள். தண்ணீர் வரவில்லை. அவளைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வாங்கினார்கள். அந்த வியாபாரத்தில்தான் நீ ஹாஸ்டலில் தங்கிப் படித்தாய். நன்றிக்காகச் சொல்லவில்லை, அது என் கடையில் விலைபோகாத சரக்கு. எது எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் கடைப் பெண் தன் போனில் உன் கம்பெனிப் பக்கத்தைக் காட்டினாள். ஈரப் பாறை மேல் இஞ்சிக்காரியின் இரண்டு கால்களும் பெரிதாகத் தெரிகின்றன. அடியில் 'நாகரிகம் தொடாத பாதங்கள்' என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பாதங்களுக்கு அளவு ஐந்து. உன் அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான் ஜனங்களைக் கூட்டிட்டுப் போறது நடைக்கா, நாடகத்துக்கா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடிதத்தைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அந்தப் படத்தை எடுத்துவிடு.

நேற்று மறுபடி ஏறிப் போய்ப் பேசினேன். சந்தைப் பெண்கள் எல்லோரும் அவள் வீட்டில் இருந்தார்கள். அவளுடைய மீதி இஞ்சி முழுவதும் இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது. மழை நீடித்தால் அங்கேயே அழுகும். கூடை தூக்கக் கூலிக்கு ஆள் வைக்கிறேன் என்றேன். "கூலிக்காரனா கழட்டச் சொன்னான்?" என்றாள் தேன்காரி. ஆஸ்பத்திரிச் செலவு என்னுடையது என்றேன். "அது எப்படியும் உன்னுதுதான், அதைப் பேசவா இவ்வளவு தூரம் ஏறி வந்த?" என்றாள் இஞ்சிக்காரி. எத்தனையோ பேரம் பார்த்தவள் நான். நியாயம் எதிர்ப்பக்கம் இருக்கும்போது விலை இறங்காது.

இந்தக் கடிதம் கிடைத்ததும் புறப்படு. உனக்காக வா, இல்லை எனக்காக வா, எப்படியாவது வா. உன் அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். மேலே அட்டை ஏறினால் பிடுங்காதே, உப்பைத் தடவு. பாறையில் குதிகாலை வைக்காதே, கட்டைவிரலை ஊன்றி இறங்கு. நீ விழுந்துவிடக் கூடாது, தம்பி.

அவர்களும் நானும் ஒப்புக்கொண்டது இதுதான். இஞ்சிக்காரியின் கால் தரையில் ஊன்றும் வரைக்கும், ஒவ்வொரு சந்தைக்கும் அவள் கூடையை நீ சுமந்து அந்தப் பாறையில் இறங்க வேண்டும், வெறுங்காலோடு. நீ முதல் கூடையைச் சந்தையில் இறக்கி வைக்கும் அன்றைக்கு என் இடத்து முள்ளை எடுப்பார்கள். நான் பேசிக் குறைத்தது ஒன்றே ஒன்றுதான்: உன்னை யாரும் படம் எடுக்க மாட்டார்கள்.

உன் அக்கா